சாயங்கால வோல்டேஜ்

எங்கள் குழு மொத்தம் நான்கு ஸ்பூல் டேப்களைப் பதிவு செய்தது. இசைத்தட்டு எதுவும் வரவில்லை. கடையில் எதுவும் விற்கவில்லை. எங்களை ராக் குழு என்று சொன்னவர்கள் நாங்கள் நால்வரும், துவாக்குடி ஹாஸ்டலில் சில மாணவர்களும்தான். மலைக்கோட்டைப் பக்கம் எங்களை "சத்தம் போடுற பசங்க" என்று சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கிட்டார் வாசித்தவன் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை. துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்தவன். அதனால் எதற்கும் ஒரு கொள்கை வைத்திருப்பான், டீயில் எவ்வளவு சர்க்கரை போடுவது என்பது உட்பட. பாஸ் கிட்டார்க்காரனுக்கு ஜீயபுரத்தில் வாழைத் தோட்டம். அதிகம் பேசமாட்டான். ஒரே ஒரு சுரத்தை அரை மணி நேரம் வாசிக்கச் சொன்னாலும் முகம் மாறாமல் வாசிப்பான். பாடியவன் ஸ்ரீரங்கத்துக்காரன். பெருமாளுக்கு முன் கோஷ்டியாக நின்று பாசுரம் சேவிக்கும் குடும்பம். அவன் அப்பா அந்த வரிசையில் நின்றார், அவருடைய அப்பாவும் நின்றிருக்கிறார், இவனும் பூணூல் போட்டதிலிருந்து நின்றுகொண்டிருந்தான். நான் டிரம்ஸ். மாதா கோயில் பேண்டில், கொடியேற்றத்துக்கும் சாவு ஊர்வலத்துக்கும் சைடு டிரம் அடித்துப் பழகியவன். ரயில்வே ஆபீசில் வேலை.

எங்களிடம் இருந்த ஒரே பெரிய சொத்து ஸ்பூல் டேப் ரெக்கார்டர். பினாங்கிலிருந்து என் பெரியப்பா கப்பலில் கொண்டு வந்தது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அதை சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார வைத்து, கிழவரைக் கூட்டிப்போவது போலப் பிடித்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போவேன்.

கடைக்கு மேல்மாடியில் துணி மூட்டை அடுக்கும் அறை. ஞாயிறு கடை விடுமுறை. நான்கு பக்கமும் கூரை வரைக்கும் மூட்டைகள். உள்ளே என்ன அடித்தாலும் எதிரொலி இருக்காது, சத்தம் பிறந்த இடத்திலேயே செத்துப்போகும். அந்த வறட்சி எங்களுக்குப் பிடித்திருந்தது. வேறு எந்தக் குழுவின் பதிவிலும் அது இல்லை என்று கிட்டார்க்காரன் சொன்னான். வேறு எந்தக் குழுவுக்கும் ஜவுளி கோடவுன் இல்லை என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் நாளே சுருதிப் பிரச்சினை வந்தது. பாடகன் வீட்டிலிருந்து சுருதிப் பெட்டி கொண்டு வருவதாகச் சொன்னான். நான் மாதா கோயில் ஆர்மோனியத்தைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கிட்டார்க்காரன் இரண்டையும் தள்ளிவிட்டான்.

"சர்ச் சுருதியும் வேணாம், கச்சேரி சுருதியும் வேணாம். அப்புறம் நாம புதுசா என்ன பண்றோம்? நம்ம டேப்தான் நம்ம சுருதி" என்றான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் கைகூடத் தட்டினோம் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து எங்கள் வேலை முறை உருவானது. ஞாயிறு காலை கூடியதும் முதல் காரியம், போன பதிவைப் போட்டுக் கேட்பது. அதன் முதல் சுரத்துக்கு கிட்டாரையும் பாஸையும் சேர்த்துக்கொள்வார்கள். மதியம் வரை பயிற்சி. பிறகு தகரக் கூரை கொதிக்க ஆரம்பித்துவிடும். வியர்வையில் கம்பி வழுக்கும், எனக்குக் குச்சி நழுவும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து பதிவு செய்வோம். பதிந்ததை உடனே ஒரு முறை போட்டுக் கேட்போம். பாடியதும் கேட்பதும் ஒன்றாகவே இருக்கும். திருப்தியாகக் கலைவோம்.

முதல் ஸ்பூலில் துணி கிழிக்கும் சத்தம்தான் பிரதானம். ஜவுளிக்கடையில் முழுத்துணியைக் கத்திரியால் வெட்டிக்கொண்டே போகமாட்டார்கள். ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு இரண்டு கையாலும் சரேலென்று இழுத்துக் கிழிப்பார்கள். அதைத் தாளமாக வைத்து ஒரு பாட்டு. மல்லுத்துணி ஒரு சத்தம், பாப்ளின் ஒரு சத்தம். கிட்டார்க்காரனின் அப்பா மறுநாள் வந்து கிழிந்த துணியைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை அவன் எங்களிடம் சொல்லவில்லை. அதன் மேல் பாடகன் வார்த்தையே இல்லாமல் நீளமாகப் பாடினான். அவனுடையது அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். கோஷ்டியில் நின்று வளர்ந்த குரல். மூச்சு எங்கே எடுக்கிறான் என்றே தெரியாது.

இரண்டாவது ஸ்பூலில் கிழிசலைக் குறைத்துக்கொண்டோம். பாட்டுகள் நீண்டன. ஒவ்வொரு வாரமும் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, பழையதை அழித்து, நல்லதை வைத்துக்கொள்வோம். அப்போதுதான் சில விஷயங்கள் தெரிய ஆரம்பித்தன. கிட்டார்க் கம்பி அடிக்கடி அறுந்தது. கம்பி விற்ற கடைக்காரரைக் கிட்டார்க்காரன் திட்டினான். காலையில் டேப்பைப் போட்டால் நான் நினைத்ததைவிட வேகமாக அடித்திருப்பேன். கை தேறிவருகிறது என்று எனக்குள் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியது. பாடகன்தான் சிரமப்பட்டான்.

"போன வாரம் வந்துதுடா, இந்த வாரம் வரமாட்டேங்கறது. அதே பாட்டுதானே?" என்றான்.

"அதே பாட்டு. அதே டேப். சாதகம் பண்ணு" என்றான் கிட்டார்க்காரன்.

அவனும் செய்தான். விடியற்காலை காவேரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று குரல் கொடுத்தான். அடுத்த வாரம் மேலும் கஷ்டமாக இருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பிடிப்பான். தன் குரல் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டு வருகிறது என்று அவன் நம்பத் தொடங்கியது அப்போதுதான். அவனுக்குப் பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. மார்கழியைப் பற்றித்தான் கவலை. மார்கழி உற்சவத்தில் நாள் கணக்காக, மணிக்கணக்காக கோஷ்டி நின்று சேவிக்க வேண்டும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அடுத்து அந்த இடத்தில் கனமாக நிற்க வேண்டியவன் இவன்.

"இந்தக் குரல் என்னுதில்லைடா. பெருமாள் சொத்து. நான் எடுத்துச் செலவு பண்ணிண்டிருக்கேனோன்னு இருக்கு" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டில் காபியையே பெருமாள் சொத்து என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது ஸ்பூல் ஜீயபுரத்தில். பாஸ் கிட்டார்க்காரன் தோட்டத்தில் மோட்டார் ஷெட் இருந்தது. மோட்டார் ஓடும் சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு, நான் அதற்கு மேல் ஓரங்களில் மட்டும் தட்டுவது என்று முடிவு. இந்த யோசனை அதிகம் பேசாதவனுடையது. அதனாலேயே எல்லோரும் மதித்தோம். ஸ்பூல் பெட்டியை பஸ் கூரையில் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே போனேன். தோட்டத்தில் வாழை இலையெல்லாம் காற்றில் கிழிந்து தொங்கியது. பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தோம். மோட்டாரைப் போட்டதும் ஷெட்டிலிருந்த பல்பு மங்கி, உள்ளே இருக்கும் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. முகங்கள் எல்லாம் செம்பு நிறமாகின. ஸ்பூல்கூட சோம்பலாகச் சுற்றியது. நாங்கள் அதைப் பார்த்தோம். பார்த்து ரசித்தோம். நான்கு பேரில் ஒருவன் இன்ஜினியர்.

அடுத்த ஞாயிறு காலை கோடவுனில் அந்த ஸ்பூலைப் போட்டபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மோட்டார் சத்தம் வண்டு போல ரீங்கரித்தது. பாடகனின் குரல் எங்கோ உயரத்தில், ஆணா பெண்ணா என்று தெரியாமல் மிதந்தது. நாங்கள் செய்ததிலேயே அதுதான் அபூர்வம் என்று கிட்டார்க்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அந்தச் சுருதிக்குக் கம்பியை முறுக்கினான். ஒன்று அறுந்தது. இன்னொன்றைப் போட்டு முறுக்கினான்.

பாடகன் எழுந்து நின்று வாயைத் திறந்தான். காற்று வந்தது. மறுபடி முயன்றபோது நடுவில் உடைந்து இரண்டு குரலாக வந்தது. டேப்பில் பாடுவது அவனேதான். தன் குரலை எட்ட முடியாமல் தானே நிற்கிற ஒரு ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்காவது ஸ்பூல் அந்த உடைந்த குரலின் பதிவு. "உடையட்டும்டா, அதுதான் உண்மை" என்றான் கிட்டார்க்காரன். முணுமுணுப்பும், இருமலும், பாதியில் நிற்கும் சுரங்களும். துவாக்குடி ஹாஸ்டலில் அதைப் போட்டுக் காட்டினோம். மாணவர்கள் சுவரில் சாய்ந்து, சிகரெட் பிடிப்பதைக்கூட மறந்து கேட்டார்கள். முதல் ஸ்பூலிலிருந்து நான்காவது வரை எவ்வளவு வளர்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். மனிதக் குரலையே தாண்டிவிட்டீர்களாம். எனக்கு அன்று கோபம் வந்தது. பக்கத்தில் பாடகன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு வந்த மார்கழியில் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கிற சாக்கு. முட்டை போடாதது என்று என் அம்மா மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தாள். கோயிலிலிருந்து அப்பாவும் பிள்ளையும் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். நெற்றியில் திருமண் வியர்வையில் லேசாகக் கரைந்திருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்தேன். அவன் அம்மா இரண்டு டம்ளரில் சுக்குக் கஷாயம் கொண்டு வந்தார். உற்சவ நாட்களில் சேவித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த வீட்டில் அதுதான் முதல் பானம். நாலைந்து மணி நேரம் சேவித்தால் எப்பேர்ப்பட்ட தொண்டையும் கட்டிவிடும்.

அப்பா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். அவருடைய குரல் கரகரவென்று வந்தது.

"இவனுக்கு வேண்டாம்" என்றார். "இவன் தொண்டைக்கு ஒண்ணும் ஆகலை."

அம்மா மற்ற டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விட்டார். பிள்ளையை மெச்சுகிறார் என்று நினைத்து நான் சிரித்துவைத்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரை அவன் கூடவே வந்தான். அப்போது மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தைத் தாண்டிய பிறகு சொன்னான்.

"வாயை மட்டும் அசைச்சுண்டிருந்தேன். சத்தம் வெளியில விட பயம். உடைஞ்சுதுன்னா கோஷ்டியே நின்னுடும். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அப்பா பக்கத்துல நிக்கறார்ங்கறதை மறந்துட்டேன்."

"மாமா திட்டினாரா?"

"திட்டியிருந்தா தேவலை. கஷாயம் வேண்டாம்னுட்டார், பாத்தியோல்லியோ."

அடுத்த வருடம் அந்த வரிசையில் அவனுடைய பெரியப்பா பிள்ளை நின்றான். குழுவும் கலைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. பாடகன் வரவில்லை, பிறகு ஒருவரும் வரவில்லை. கிட்டார்க்காரன் கடையில் உட்கார்ந்தான். ஜீயபுரத்துக்காரன் வாழையைப் பார்த்துக்கொண்டான். பாடகனுக்கு ஒரு ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எங்காவது பார்த்துக்கொண்டால் அலுவலகம், பஸ், வெயில் பற்றிப் பேசுவோம். அவன் ஒரு வரிகூட முணுமுணுத்து நான் கேட்கவில்லை. பேசும்போதும் குரலை உள்ளங்கையில் மூடி எடுத்துவருவது போலத்தான் பேசுவான்.

எண்பதுகளில் எங்கள் தெருவிலும் டிவி வந்தது. டிவி வாங்கியவர்கள் எல்லோரும் கூடவே ஸ்டெபிலைசரும் வாங்கினார்கள். திருச்சியில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு எரிய ஆரம்பித்ததும் வோல்டேஜ் இறங்கிவிடும், படம் சுருங்கும். ஸ்டெபிலைசர் அதைச் சரிக்கட்டும், அவ்வப்போது 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு.

ஒரு சாயங்காலம் ஏதோ தேடும்போது ஸ்பூல் பெட்டி கண்ணில் பட்டது. நான் ஒரு காலத்தில் ராக் வாசித்தவன் என்பதை என் மனைவி நம்பியதே இல்லை. நிரூபித்துவிடலாம் என்று பெட்டியை டிவி பக்கத்தில் வைத்து, கைக்கு எட்டிய ஸ்டெபிலைசர் பிளக்கில் சொருகி, ஜீயபுரம் ஸ்பூலைப் போட்டேன்.

"யாருங்க இந்தப் பொம்பளை?" என்றாள்.

நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிவியில் பாட்டுப் போடும் நேரம் வந்துவிட்டது. அவள் என் பிளக்கைப் பிடுங்கி டிவியைச் சொருகினாள். நான் பெட்டியைச் சுவர்ப் பிளக்கில் மாட்டி, விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டேன். பொம்பளை ஆம்பளையாகிவிட்டாள். அதே பாட்டு, அதே இடம். குரல் இறங்கியிருந்தது. மோட்டார் இறங்கியிருந்தது. என் டிரம்ஸும் நிதானமாகியிருந்தது.

டிவி பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியை மறுபடி ஸ்டெபிலைசரில் சொருகினேன். ஏறியது. சுவரில் சொருகினேன். இறங்கியது. மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

விஷயம் அவ்வளவுதான். கரண்டு குறைந்தால் பெட்டியின் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததை, கரண்டு சரியாக இருக்கும்போது போட்டால் வேகமாக, உயரமாகக் கேட்கும். நாங்கள் பதிந்ததெல்லாம் சாயங்காலம். கேட்டுச் சுருதி சேர்த்ததெல்லாம் காலை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படி ஏறியிருக்கிறோம். ஏறிய இடத்திலிருந்து அடுத்த ஞாயிறு இன்னொரு படி. ஜீயபுரத்தில் மோட்டாரும் சேர்ந்து இழுத்ததில் மாடியே ஏறிவிட்டோம். எங்கள் நான்கு ஸ்பூல்களின் வளர்ச்சி என்பது பெரும்பாலும் மின்சார வாரியத்தின் கைவண்ணம்.

மறுநாள் ஜவுளிக்கடைக்குப் போய்ச் சொன்னேன். கிட்டார்க்காரன் ஒரு வாடிக்கையாளருக்குத் துணி அளந்துகொண்டிருந்தான். கையில் துணியோடு நான் சொன்னதைக் கேட்டான். அளந்ததை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தான்.

"சுருதிப் பெட்டியைக் கொண்டாரேன்னு அவன் சொன்னான்ல?" என்றான்.

"சொன்னான்."

"அவன்கிட்ட நீயே சொல்லிடுப்பா. எனக்கு மூஞ்சி இல்ல."

ஓரத்தில் வெட்டி, சரேலென்று துணியைக் கிழித்து மடித்துக் கொடுத்தான்.

பாடகனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. ஆபீஸ் முடிந்து டிபன் டப்பாவோடு வந்தான். பல்பு மஞ்சளாகும் வரை காபி கொடுத்து உட்கார வைத்தேன். முதலில் ஜீயபுரம் ஸ்பூலை இரண்டு பிளக்கிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னொரு தரம்" என்றான். போட்டேன். "இன்னொரு தரம்." பிறகு முதல் ஸ்பூலை எடுத்துச் சுவர்ப் பிளக்கில் ஓடவிட்டேன். துணி கிழிந்தது. அடிவயிற்றிலிருந்து அவனுடைய பழைய குரல் வந்தது. மூச்சு எங்கே எடுக்கிறான் என்று தெரியாத அந்தக் குரல்.

"அப்போ என் தொண்டை..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"உன் தொண்டைக்கு ஒண்ணும் ஆகலடா. நம்ம பிடிவாதம்தான் அதைப் போட்டுப் படுத்தியிருக்கு. அப்புறம் இத்தனை வருஷம் நீ அதைத் தொடவே இல்ல."

அவன் டேப்போடு சேர்ந்து மெதுவாக இழைய ஆரம்பித்தான். துருப்பிடித்த கதவு மாதிரி முதலில் கரகரத்தது. பிறகு சேர்ந்துகொண்டது. எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, அவன் நின்ற இடத்திலேயே சுருதி இருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருடம். ஸ்பூல் தீர்ந்து வால் பட்பட்டென்று அடித்துக்கொண்ட பிறகு, அவன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "வரேன்டா" என்று கிளம்பிவிட்டான். கோயிலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மார்கழியில் கேக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். அவன் வீட்டில் இல்லை. அவன் அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நடை குறைந்துவிட்டது, கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. கண்ணை மூடியபடியே "வாங்கோ" என்றார். கேக்கை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

வாசலில் செம்பில் கால் கழுவும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே வந்தான். பஞ்சகச்சம், நெற்றியில் லேசாகக் கரைந்த திருமண். என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். எனக்குப் புரியவில்லை. தொண்டை அப்படிக் கட்டியிருந்தது. கனைத்துக்கொண்டு மறுபடி, "எப்போடா வந்தே?" என்றான். பாதிதான் வெளியே வந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை, சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இவனுக்குக் கஷாயம் கொண்டு வா" என்றார்.